கிக்ஆஃப்: அந்தச் சில நொடிகளில் நடப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுல், இந்திய நேரப்படி திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கும். அலாரம் வைத்து எழுந்தவர்களில் பாதிப் பேர், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் உதையான கிக்ஆஃபின்போது அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். 'உதைக்கத்தானே போகிறார்கள், ஆட்டம் அதற்கப்புறம்தானே' என்ற நினைப்பு. 2007 பிப்ரவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுலின்போது அப்படி நினைத்தவர்கள், சிகாகோ பேர்ஸ் அணியின் டெவின் ஹெஸ்டர் முதல் உதையையே பிடித்து 92 யார்டு ஓடி டச்டவுன் (எதிராளியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டதைத் தவறவிட்டார்கள். கடிகாரத்தில் கழிந்தது 14 நொடி. அன்று சிகாகோ தோற்றது என்பது வேறு கதை.

கீழே உள்ளவை நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள். சில, நானே பல வருடம் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டவை. விதி எண்கள் என்.எஃப்.எல். தொழில்முறை லீக்கின் 2025 சீசன்படி. கல்லூரி, பள்ளி ஆட்டங்களுக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

கிக்ஆஃப் எப்போதெல்லாம் நடக்கும்? உதைப்பது யார்?

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும், கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலும், ஒவ்வொரு டச்டவுனுக்கும் ஃபீல்டு கோலுக்கும் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) பிறகும். நாம் பார்த்துப் பழகிய கால்பந்தில் கோல் வாங்கிய அணி பந்தை மைதானத்தின் நடுவில் வைத்துத் தொடங்கும். இங்கே புள்ளி எடுத்த அணியே பந்தை எதிராளி பக்கம் தூர உதைக்கும். பந்து போய்ச்சேரும் இடம் என்னவோ ஒன்றுதான். வழியில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டு 'சேஃப்டி' கொடுத்த அணி, எதிராளிக்கு இரண்டு புள்ளியும் கொடுத்து, உதைத்துப் பந்தையும் கொடுக்க வேண்டும். அதுவும் தன் 20-யார்டு கோட்டிலிருந்து. பட்ட காலிலே படும் என்பது இதுதான். ஆனால் கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கும் 'பண்ட்' முறைக்கு அங்கே அனுமதி உண்டு.

35-யார்டு கோடு என்கிறார்கள். எந்த 35?

யார்டு என்பது நம் துணிக்கடைக் கெஜம்தான், மூன்று அடி. மைதானம் 100 யார்டு நீளம். இரு முனைகளிலும் பத்துப் பத்து யார்டுக்கு 'எண்ட் சோன்' என்ற இறுதிப் பகுதி. எண்கள் இரண்டு கோல் கோடுகளிலிருந்தும் தொடங்கி நடுவில் 50-இல் முடியும். ஆகவே எல்லா எண்ணும் இரண்டு முறை வரும். 'தன் 35' என்றால் தான் காக்கும் கோல் கோட்டிலிருந்து 35 யார்டு. கிக்ஆஃபில் பந்து உதைக்கும் அணியின் 35-இல், ஓர் அங்குல உயரமுள்ள சிறு தாங்கியின்மேல் வைக்கப்படும். இதற்கு 'டீ' என்று பெயர். தேநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டாஸ் வென்ற அணி பெரும்பாலும் பந்தைக் கேட்காமல் 'பிறகு' என்கிறதே, ஏன்?

டாஸ் வென்றவர் பந்தை வாங்கலாம், உதைக்கலாம், எந்தப் பக்கத்தைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது இந்த உரிமையை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைக்கலாம். இந்தக் கடைசி வாய்ப்பு என்.எஃப்.எல்.-இல் 2008-இல்தான் வந்தது. கல்லூரியில் அதற்கு முன்பே இருந்தது. தள்ளிவைப்பதன் கணக்கு எளிது. முதல் பாதியின் கடைசி நிமிடங்களில் ஒரு முறை புள்ளி எடுத்து, இடைவேளை முடிந்ததும் மறுபடி பந்தை வாங்கினால், எதிரணி பந்தையே தொடாமல் இரண்டு வாய்ப்பு கிடைக்கும்.

இந்தத் தேர்வைச் சொல்லும்போது வாய் குளறக் கூடாது. 1962 டிசம்பரில் ஹூஸ்டனில், அந்நாளில் என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக இருந்த ஏ.எஃப்.எல். லீக்கின் இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. டல்லஸ் டெக்சன்ஸ் பயிற்சியாளர் ஹேங்க் ஸ்ட்ராம் தன் வீரர் ஆப்னர் ஹேன்ஸிடம், காற்று சாதகமாக இருக்கும் மைதானக் கடிகாரம் உள்ள பக்கத்தைக் கேட்கச் சொல்லி அனுப்பினார். டாஸ் வென்ற ஹேன்ஸ், "கடிகாரத்தை நோக்கி உதைக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். முதலில் வாயில் வந்தது 'உதைக்கிறோம்' என்பதால் நடுவர் அதையே தேர்வாக எழுதிக்கொண்டார். பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஹூஸ்டனுக்குப் போனது. பந்தும் எதிராளியிடம், காற்றும் எதிராளியிடம். அப்படியும் இரண்டாவது கூடுதல் நேரத்தில் டல்லஸ் 20-17 என்று வென்றதால், ஹேன்ஸ் இன்று வேடிக்கைக் கதையாக மட்டும் நினைவுகூரப்படுகிறார்.

டச்பேக் என்றால் என்ன? அதன் எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

உதைத்த பந்து எண்ட் சோனுக்குள் போய், வாங்கும் அணி அதை எடுத்து ஓடாமல் விட்டால், அல்லது பந்து எண்ட் சோனைத் தாண்டி வெளியே போனால், அது டச்பேக். வாங்கும் அணிக்கு ஒரு நிர்ணயித்த கோட்டிலிருந்து ஆட்டம் இலவசமாகத் தொடங்கும்.

அந்தக் கோடு எது என்பதில்தான் கிக்ஆஃபின் மொத்த உத்தியும் அடங்கியிருக்கிறது. நான் அதை ஒரு விலையாகப் பார்க்கிறேன். ஆபத்தில்லாமல் உதைத்துவிட்டுப் போக, உதைக்கும் அணி எதிராளிக்கு எத்தனை யார்டு கொடுக்க வேண்டும்? நீண்ட காலம் அந்த விலை 20 யார்டு. 2016-இல் 25 ஆயிற்று. 2024-இல் 30. 2025-இல் 35. விலை ஏற ஏற, 'இவ்வளவு கொடுத்து டச்பேக் வாங்குவதைவிட, ஓடவிட்டு மடக்கிப் பார்க்கலாமே' என்று உதைக்கும் அணி யோசிக்கத் தொடங்கும். லீக் விரும்பியதும் அதுதான்.

உதைக்கும் இடமும் இதே போல அலைந்திருக்கிறது. 1974-இல் 40-இலிருந்து 35-க்குப் பின்னே போனது, 1994-இல் இன்னும் பின்னே 30-க்கு. 2011-இல் காயங்களைக் குறைப்பதற்காக மறுபடி 35-க்கு முன்னே வந்தது. அந்த ஒரே ஆண்டில் டச்பேக்குகள் ஆறில் ஒன்று என்ற அளவிலிருந்து ஐந்தில் இரண்டுக்கும் மேலே ஏறின. உதைப்பவர்களின் கால்பலமும் கூடிக்கொண்டே போக, 2023 சீசனில் ஐந்து உதைகளில் ஒன்று சொச்சம்தான் திருப்பி ஓடப்பட்டது. 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் கன்சாஸ் சிட்டியும் சான் பிரான்சிஸ்கோவும் மோதிய சூப்பர் பவுலில் ஒரு கிக்ஆஃபைக்கூட எவரும் திருப்பி ஓடவில்லை. அன்று பால் காய்ச்சப் போனவர்கள் எதையும் இழக்கவில்லை.

2024-இல் வந்த புதிய முறையில் ஏன் எல்லோரும் சிலைபோல நிற்கிறார்கள்?

பழைய முறையில் உதைக்கும் அணியின் பத்துப் பேரும் பந்தோடு சேர்ந்து புறப்பட்டு, நாற்பது ஐம்பது யார்டு முழு வேகத்தில் ஓடி, எதிரே வருபவர்மேல் மோதினார்கள். அந்த வேகம்தான் ஆபத்து. 2024 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 29-3 என்று வாக்களித்துக் கொண்டுவந்த முறை, ஓட்டத்தை வைத்துக்கொண்டு வேகத்தை வெட்டியது. எக்ஸ்.எஃப்.எல். என்ற இன்னொரு லீக் 2020-இல் செய்துபார்த்ததன் திருத்திய வடிவம் இது.

உதைப்பவர் மட்டும் தன் 35-இல் தனியாக நிற்பார். அவருடைய மற்றப் பத்துப் பேரும் 25 யார்டு முன்னே போய், எதிரணியின் 40-இல் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு ஐந்தே யார்டு எதிரே, 35-க்கும் 30-க்கும் நடுவில், வாங்கும் அணியின் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின்னால் கோல் கோட்டுக்கும் 20-க்கும் இடைப்பட்ட 'இறங்கு பகுதி'. அங்கே அதிகபட்சம் இரண்டு ஓட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். பந்து அந்தப் பகுதியிலோ எண்ட் சோனிலோ தரையைத் தொடும்வரை, அல்லது அங்கே ஒருவர் கையில் படும்வரை, வரிசையில் நிற்கும் பத்தொன்பது பேரும் அசையக் கூடாது. உதைப்பவரும் அதுவரை 50-ஐத் தாண்டக் கூடாது.

பந்து எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். இறங்கு பகுதிக்குள் விழுந்தால் திருப்பி ஓடியே ஆக வேண்டும். அங்கே விழுந்து உருண்டு எண்ட் சோனுக்குள் போய் அங்கேயே நிறுத்தப்பட்டால் டச்பேக், ஆனால் 20-இலிருந்து மட்டும். எண்ட் சோனுக்குள் நேராகப் பறந்தால் 35-இலிருந்து. இறங்கு பகுதியை எட்டாமல் முன்னாலேயே விழுந்தாலோ, பக்கவாட்டில் வெளியே போனாலோ, வாங்கும் அணிக்கு அதன் 40-இலிருந்து.

முதல் சில வாரங்கள் பார்த்தபோது எனக்கு இது ஆட்டமாகவே தோன்றவில்லை. புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல இருந்தது. பழகிவிட்டது. 2024 செப்டம்பர் 8 அன்று அரிசோனாவின் டீஜே டல்லஸ், பஃபலோ பில்ஸுக்கு எதிராக 96 யார்டு ஓடி இம்முறையில் முதல் டச்டவுனைப் போட்டார். ஆட்டத்தைப் பஃபலோ வென்றது. கிக்ஆஃப் வரலாற்றில் பஃபலோவுக்கு இப்படி நல்லது நடப்பது அபூர்வம். காரணம் பின்னால் வருகிறது.

அப்படியானால் இப்போது நல்ல உதை எது?

பழைய இலக்கணம் முழுவதும் தலைகீழாகிவிட்டது. முன்பு வர்ணனையாளர்கள் 'ஹேங் டைம்' பற்றியே பேசுவார்கள். பந்து காற்றில் தங்கும் நேரம். நான்கு நொடிக்கு மேல் தங்கினால் மகிழ்ச்சி, ஏனென்றால் அந்த நேரத்தில் துரத்தும் வீரர்கள் ஓடி நெருங்கிவிடுவார்கள். இப்போது பந்து இறங்கும்வரை எவரும் அசையவே முடியாது என்பதால், அது வானில் எத்தனை நேரம் தங்கினாலும் துரத்துபவர்களுக்கு ஒரு யார்டுகூட லாபமில்லை.

இப்போது தேவைப்படுவது அசிங்கமான உதை. தாழ்வாக, சுழலாமல், தள்ளாடிக்கொண்டு போய் இறங்கு பகுதியில் குத்தி, எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத உதை. நக்கிள்பால் என்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தின் பந்து இரு முனையும் கூரானது, பனங்கொட்டை மாதிரி. தரையில் பட்டபின் அதன் போக்கை எவராலும் சொல்ல முடியாது. அது தரையில் பட்ட கணத்திலேயே ஐந்து யார்டு இடைவெளியில் நிற்பவர்கள் பாய்ந்துவிடுவார்கள். ஓட்டக்காரர் இன்னும் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பார். 2025-இல் டச்பேக் விலை 35-க்கு ஏறியதும் அணிக்கு அணி இந்த உதையைப் பழகின. பெரும்பாலான கிக்ஆஃப்கள் திருப்பி ஓடப்பட்டன.

மூலை பார்த்து உதைப்பதும் உண்டு. ஓட்டக்காரரை ஓரத்தில் பிடிக்கவைத்தால் பக்கவாட்டுக் கோடே ஒரு தடுப்பாளராகிவிடும். ஆனால் ஓரடி தவறினால் பந்து வெளியே, எதிராளிக்கு 40-யார்டு கோடு பரிசு.

ஸ்குவிப், பூச் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. ஸ்குவிப் என்பது தரையில் குதித்துக் குதித்து ஓடும் தாழ்ந்த உதை. பூச் என்பது உயரமான குட்டை உதை, முன்வரிசைக்கும் ஓட்டக்காரருக்கும் நடுவே விழுவது. இரண்டின் நோக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆபத்தான ஓட்டக்காரர் கையில் பந்து போகக் கூடாது, ஓடத் தெரியாத ஒரு பருத்த வீரர் கையில் போகட்டும். பாதி முடியும் தறுவாயில் இன்னொரு லாபமும் உண்டு. டச்பேக்கில் கடிகாரம் ஓடாது. மைதானத்துக்குள் யாராவது பந்தைத் தொட்டால் ஓடும்.

இந்த ஒரு வேறுபாட்டுக்குப் பஃபலோ நகரம் கொடுத்த விலையைக் கேளுங்கள். 2022 ஜனவரி 23, பிளேஆஃப் ஆட்டம். கன்சாஸ் சிட்டியைவிடப் பஃபலோ 36-33 என்று முன்னிலை. மிச்சம் 13 நொடி. பஃபலோ கிக்ஆஃபை எண்ட் சோனைத் தாண்டி உதைத்தது. டச்பேக். கடிகாரத்தில் அதே 13 நொடி. கன்சாஸ் சிட்டி தன் 25-இலிருந்து தொடங்கி, டைரீக் ஹில்லுக்கு ஒரு பாஸில் 19 யார்டு, டிராவிஸ் கெல்சிக்கு இன்னொன்றில் 25 யார்டு. பிறகு ஹாரிசன் பட்கர் 49 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 42-36. ஒரு ஸ்குவிப் உதைத்து நான்கைந்து நொடி தின்றிருந்தால் அந்த இரண்டாவது பாஸுக்கு நேரம் இருந்திருக்குமா என்பதைப் பஃபலோ ரசிகர்கள் இன்றும் விடாமல் பேசுகிறார்கள்.

'குட்டையாக உதைத்திருக்க வேண்டும்' என்பவர்களுக்கு 22 ஆண்டு முந்தைய பதில் இருக்கிறது, அதுவும் பஃபலோவிடமிருந்தே. 2000 ஜனவரி 8, நாஷ்வில். பஃபலோ 16-15 என்று முன்னிலை, 16 நொடி மிச்சம். அன்று குட்டையாகத்தான் உதைத்தார்கள். பந்து டென்னஸியின் லொரென்சோ நீல் கைக்குப் போனது. அவர் ஓட்டக்காரர் அல்ல, வழி திறந்துவிடும் தடுப்பாளர். திட்டப்படி சரியான ஆள். அவர் அதை ஃபிராங்க் வைசெக்கிடம் கொடுத்தார். வைசெக் ஒரு பக்கமாக ஓடி எல்லோரையும் இழுத்துவைத்துவிட்டு, மைதானத்தின் மறுபக்கத்துக்குக் குறுக்கே வீசினார். அங்கே கெவின் டைசன், எதிரே ஆளே இல்லை. 75 யார்டு. முன்னோக்கி வீசக் கூடாது என்பதால், வீசியது முன்னோக்கியா பக்கவாட்டிலா என்று நடுவர்கள் ரீப்ளே பார்த்து, சரிதான் என்றார்கள். 22-16. 'மியூசிக் சிட்டி அற்புதம்' என்று அதற்குப் பெயர். குட்டையாக உதைத்தும் தோற்றார்கள், நெடுக உதைத்தும் தோற்றார்கள்.

இப்போதைய என்.எஃப்.எல். விதியில், இறங்கு பகுதிக்கு முன்னாலேயே குத்தும் பழைய ஸ்குவிப்புக்கு இடமில்லை. கல்லூரி ஆட்டத்தில் இன்னும் பார்க்கலாம்.

ஆன்சைட் கிக் என்றால் என்ன?

கிக்ஆஃப் பந்து பத்து யார்டு போனபின் யாருக்கும் சொந்தமில்லாதது. வாங்கும் அணி எடுக்காவிட்டால் உதைத்த அணியே எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். வேண்டுமென்றே பத்து யார்டுக்குச் சற்று மேலே மட்டும் போகுமாறு உதைத்து, ஓடிப்போய்த் தாமே பிடிக்க முயல்வதுதான் ஆன்சைட் கிக். பின்தங்கிய அணிக்கு, நேரம் தீரும்போது உள்ள கடைசி வழி.

விதியில் ஒரு நுணுக்கம்: உதைத்த அணிதான் பத்து யார்டுவரை காத்திருக்க வேண்டும். வாங்கும் அணி எப்போது வேண்டுமானாலும் பந்தின்மேல் விழலாம். 2020 செப்டம்பர் 20 அன்று அட்லாண்டா வீரர்களுக்கு இது மறந்துபோனது. டல்லஸுக்கு எதிராக 39-37 என்று முன்னிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிச்சம். டல்லஸின் கிரெக் சூர்லைன் பந்தைத் தாங்கியில்லாமல் தரையில் படுக்கவைத்து லேசாகச் சுண்டினார். அது பம்பரம்போலச் சுழன்றுகொண்டே ஆற அமர நகர்ந்தது. அட்லாண்டா வீரர்கள் அதைச் சூழ்ந்து நின்று, அது பத்து யார்டைத் தொடுமா என்று பார்த்தார்கள். தொட்டது. டல்லஸின் சி. ஜே. குட்வின் மேலே விழுந்தார். கடைசி நொடியில் சூர்லைனே ஃபீல்டு கோல் அடித்து 40-39.

நேரெதிர்த் தவறும் உண்டு. இந்தச் சூழலுக்கென்றே கை பழுத்த வீரர்களை முன்னால் நிறுத்துவார்கள். 'ஹேண்ட்ஸ் டீம்' என்று பெயர். ஆனால் அதிலும் எல்லோருக்கும் பந்தைப் பிடிக்கும் வேலை இல்லை. சிலர் எதிராளியை மறிக்க மட்டுமே. 2015 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான அரையிறுதியில் கிரீன் பே அணியின் பிராண்டன் பாஸ்டிக்குக்கு மறிக்கும் வேலை. பிடிக்க வேண்டியவர் பின்னால் நின்ற ஜோர்டி நெல்சன். பந்து தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் பாஸ்டிக் எம்பினார். பந்து தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்துச் சியாட்டில் கைக்குப் போனது. கூடுதல் நேரத்தில் 28-22 என்று சியாட்டில் வென்று சூப்பர் பவுலுக்குப் போனது. பந்து கண்முன்னே வரும்போது அதைத் தொடாமல் இருப்பது மனிதக் கைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அவர்மேல் கோபமே வந்ததில்லை.

திடீரென்று, எதிர்பாராமல் ஆன்சைட் உதைக்கலாமா?

என்.எஃப்.எல்.-இல் இப்போது முடியாது. பின்தங்கிய அணி மட்டும், நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பழைய வரிசையில் நின்று உதைக்கலாம். 2024-இல் நான்காம் கால்பகுதியில் மட்டும் என்றிருந்தது. 2025 முதல் எந்த நேரத்திலும் சொல்லலாம். சொல்லிவிட்டு உதைப்பதில் வெற்றி வாய்ப்பு குறைவு. 2018-இல் ஓடிவந்து புறப்படுவதைத் தடைசெய்த பிறகு, அறிவித்த ஆன்சைட் பல சீசன்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த மாற்றத்தில் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான். 2010 பிப்ரவரி 7 சூப்பர் பவுலில், இடைவேளையின்போது நியூ ஆர்லியன்ஸ் 10-6 என்று இண்டியானபொலிஸிடம் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ஷான் பேட்டன் இரண்டாம் பாதியை 'பதுங்கித் தாக்கு' என்ற பொருளுள்ள பெயர்கொண்ட ஆன்சைட் கிக்கில் தொடங்கினார். உதைத்தவர் தாமஸ் மோர்ஸ்டெட், முதல் ஆண்டு வீரர். பந்து எதிரணியின் ஹேங்க் பாஸ்கெட்மேல் பட்டுத் தெறித்தது. அதன்மேல் ஆள்மேல் ஆளாக விழுந்த குவியலைப் பிரித்து, பந்து கிறிஸ் ரீஸ் கையில் என்று நடுவர்கள் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. உடனே ஒரு டச்டவுன். கடைசியில் 31-17. இன்றைய விதியில் பேட்டன் நடுவரிடம் போய், 'ஐயா, நாங்கள் பதுங்கித் தாக்கப்போகிறோம்' என்று அறிவிக்க வேண்டியிருக்கும்.

துரத்தும் பத்துப் பேருக்கும் தனித்தனி வேலையா?

ஆம். இடமிருந்து வலமாக ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை, 'லேன்' என்பார்கள். பந்தை நோக்கி எல்லோரும் குவிந்தால் ஓட்டக்காரர் விட்ட சந்தில் போய்விடுவார். ஆகவே தன் பாதையை விடாமல் முன்னேறுவதுதான் ஒழுங்கு. இரண்டு ஓரத்திலும் இருப்பவர்களின் வேலை, ஓட்டக்காரரை வெளிப்பக்கம் விடாமல் உள்ளே திருப்புவது. எல்லோரையும் தாண்டிவிட்டால் கடைசி ஆள் உதைத்தவரே. அவர் உடம்பு மோதலுக்கு வளர்த்த உடம்பல்ல. அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள்.

வெட்ஜ் என்பது என்ன? அதை ஏன் தடைசெய்தார்கள்?

ஆப்பு வடிவம். 1892 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் யேல் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஹார்வர்டு இரண்டாம் பாதியை இதில் தொடங்கியது. அக்காலத்தில் உதைப்பவர் பந்தைக் காலால் லேசாகத் தட்டிவிட்டுத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்டு வீரர்கள் இரண்டு கூட்டமாகத் தூரத்திலிருந்து ஓடிவந்து, ஆப்புபோல ஒன்றுசேர்ந்து ஒரே ஆள்மேல் மோதினார்கள். யோசனை லோரின் டெலண்ட் என்பவருடையது. அவர் கால்பந்து ஆடியதே இல்லை, சதுரங்கப் பிரியர். எல்லா அணிகளும் அதைப் பின்பற்ற, காயங்கள் பெருக, 1894-இலேயே அது விதியால் ஒழிக்கப்பட்டது.

ஆனால் கருத்து சாகவில்லை. வாங்கும் அணியின் தடுப்பாளர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஓட்டக்காரருக்கு முன்னே சுவராகப் போவது நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. இரண்டு பேருக்கு மேற்பட்ட சுவரை 2009-இல் என்.எஃப்.எல். தடைசெய்தது, இருவர் சேர்வதை 2018-இல். தடைகளின் பின்னே இருப்பது காயங்கள். 2007 செப்டம்பரில் பஃபலோவின் கெவின் எவரெட் ஒரு கிக்ஆஃபில் எதிராளியை மடக்கப்போய்க் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு அசைவற்று விழுந்தார். மறுபடி நடப்பாரா என்றே மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதே டிசம்பரில் அவர் நடந்தே மைதானத்துக்கு வந்தார். ஆனால் மறுபடி ஆட்டம் ஆடவில்லை.

மஃப், ஃபம்பிள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பிடிக்கப்போய்க் கைநழுவினால் மஃப். பிடித்து வைத்துக்கொண்டபின் நழுவவிட்டால் ஃபம்பிள். மஃப் ஆன பந்தை உதைத்த அணி எடுக்கலாம், எடுத்து ஓட முடியாது. ஃபம்பிளை எடுத்து ஓடலாம்.

ஃபேர் கேட்ச் கிக்ஆஃபில் உண்டா?

கையை உயர்த்தி அசைத்து, 'பிடிப்பேன், ஓடமாட்டேன், என்னை மோதாதீர்கள்' என்று சொல்வது ஃபேர் கேட்ச். என்.எஃப்.எல்.-இன் புதிய முறையில் அது கிடையாது. கல்லூரியில் உண்டு. 25-க்கு உள்ளே எங்கே பிடித்தாலும் 25-இலிருந்து தொடங்கலாம். கல்லூரி கிக்ஆஃபும் 35-இலிருந்துதான், டச்பேக் 25-க்கு, வரிசை பழைய வரிசை. பள்ளி ஆட்டங்களில் உதை 40-இலிருந்து, டச்பேக் 20-க்கு. பந்து கோல் கோட்டைக் கடந்த உடனேயே அங்கே ஆட்டம் நின்றுவிடும்.

கிக்ஆஃபில் பந்தைக் கைமாற்றிக்கொண்டே ஓடலாமா?

முன்னோக்கி வீசாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும். 1982 நவம்பர் 20 அன்று பெர்க்லியில் ஸ்டான்ஃபோர்டு 20-19 என்று முன்னிலை, 4 நொடி மிச்சம். ஃபீல்டு கோல் அடித்த மகிழ்ச்சியில் ஸ்டான்ஃபோர்டு அளவு மீறிக் கொண்டாட, 15 யார்டு தண்டனை. அதனால் உதை 40-க்குப் பதில் 25-இலிருந்து. ஸ்குவிப் உதைத்தார்கள். கலிபோர்னியாவின் கெவின் மோன் பிடித்தார். ஐந்து முறை பந்து கைமாறி மறுபடி மோனிடமே வந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் இசைக்குழு மைதானத்துக்குள் இறங்கியிருந்தது. மோன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, எண்ட் சோனில் நின்ற டிராம்போன் கலைஞர் கேரி டிரெல்மேல் மோதி விழுந்தார். 25-20.

டிவியில் முதன்முறையாகப் பார்க்கப்போகிறேன். எங்கே பார்ப்பது?

உதைப்பவரை விட்டுவிடுங்கள். பின்னால் நிற்கும் இரண்டு ஓட்டக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் பின்னே நகர்ந்தால் பந்து நீளம், முன்னே பதறி ஓடினால் உதை குட்டை. பிறகு நடு வரிசை. முகத்துக்கு முகம் ஐந்து யார்டில் பத்தொன்பது பேர், பந்து எங்கே என்று பார்க்கக்கூட முடியாமல். உதைத்த அணியின் கண்கள் ஓட்டக்காரர்மேல் இருக்கும். வாங்கும் அணியின் ஒன்பது பேருக்குப் பந்து முதுகுப் பக்கம் போய்விட்டது. எதிரே நிற்பவன் அசைந்தான் என்பதுதான் பந்து இறங்கிவிட்டது என்று அவர்களுக்குக் கிடைக்கும் சேதி.